நோயில்லாத மாட்டுக்கு டாக்டர் எதற்கு?

கேள்வி: காவேரிப்பட்டினம் அருகே எட்டுக் கலப்பினக் கறவை மாடுகளை வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிறேன். நோய் வந்தால் மட்டுமே டாக்டரை அழைப்பது வழக்கம். மாதந்தோறும் அவரை வரவழைத்து எல்லா மாடுகளையும் காட்ட வேண்டும் என்கிறார் என் மைத்துனர். இது வீண் செலவு இல்லையா? இரண்டு மாடுகள் ஈன்று ஆறு மாதமாகியும் சினை நிற்கவில்லை. வற்றிய மாட்டுக்குத் தீவனம் மட்டும் நாளுக்கு 150 ரூபாய் ஆகிறது. எஸ்.என்.எஃப். (பாலில் கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைவு என்று பால் விலையையும் குறைக்கிறார்கள்.
- ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதே சரி, அதற்கான கணக்கும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள்கள் என்பதால், ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால் ஈன்ற 85 நாள்களுக்குள் அது சினை பிடித்தாக வேண்டும். ஒரு பருவம் (மாடு சினைக்குத் தயாராகும் நேரம்) தவறினால் அடுத்த பருவத்துக்கு 21 நாள்கள் காத்திருக்கிறோம். அந்த 21 நாள்களும் பால் பொங்கிவரும் முதல் மாதங்களில் சேர்வதில்லை. பால் சுண்டி, தீவனம் மட்டும் செலவாகும் கடைசிக் காலத்தில்தான் சேர்கின்றன. நீங்கள் சொல்லும் 150 ரூபாய்ப்படி ஒரு பருவத்தின் விலை 3,150 ரூபாய். எட்டு மாடுகளும் ஒரு முறை தவறினால் 25,200 ரூபாய். எந்த மருந்துச் சீட்டிலும் வராததால் இந்தச் செலவு நம் கண்ணில் படுவதில்லை.

பருவம் பெரும்பாலும் இரவிலும் விடியலிலும் வெளிப்படுவதால், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகும் அவசரத்தில் அது தவறிவிடுகிறது. இரவு படுக்கும் முன் டார்ச் அடித்து, படுத்திருக்கும் மாட்டின் பின்புறம் கண்ணாடி போன்ற வழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போட வேண்டும். தேதிகளை ஒரு நோட்டில் மாடு வாரியாக எழுதி வையுங்கள். (கறவை இயந்திரம் வாங்குவதற்கு முன் இந்த நோட்டை வாங்குங்கள் என்பேன்.) அதைப் பார்த்தால்தான் எந்த மாட்டைக் கை வைத்துச் சோதிக்க வேண்டும், ஊசி போட்டு 60 நாள் கடந்தும் பருவத்துக்கு வராத மாடு உண்மையில் சினையா, வெறும் வயிறா என்பதையெல்லாம் டாக்டரால் தீர்மானிக்க முடியும்.

எஸ்.என்.எஃப். குறைவதற்குத் தீவனக் குறைபாடு காரணமாக இருக்கலாம். மடி வீங்காமல், பால் திரியாமல் உள்ளுக்குள் இருக்கும் மடிநோயும் காரணமாக இருக்கலாம். நான்கு குழிகள் கொண்ட தட்டில் காம்புக்கு ஒரு குழியாகப் பாலைப் பீய்ச்சி, அதே அளவு சோதனைக் கரைசலை ஊற்றிச் சுழற்றினால், நோயுள்ள காம்பின் பால் மட்டும் கூழாகத் திரளும். நோய் முற்றி, மருந்து போட்ட நாள்களில் பாலைக் கொட்டுவதைவிட இந்தச் சோதனை மிக மலிவு. கோமாரித் தடுப்பூசி, சாணப் பரிசோதனை ஆகியவற்றையும் அதே வருகையில் முறைப்படுத்திக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண் இருக்கிறது. நான் சொல்வது அவசரமில்லாத நாளின் வருகையை. அடுத்த முறை டாக்டர் வரும்போது, சினை நிற்காத இரண்டு மாடுகளோடு, ஈன்று 30 நாள் கடந்த மாடு இருந்தால் அதையும் காட்டுங்கள். கருப்பை சுருங்கிவிட்டதா என்பதை அப்போதே பார்த்துவிடலாம்.