மாமாவின் கடைக் கணக்கை மறைக்காதீர்கள்

கேள்வி: உயர் தேசிய கணக்கியல் டிப்ளோமா முடித்து இரண்டு வருடமாகிறது. அம்மாவுக்குச் சுகமில்லாததால் வீட்டோடு நின்றேன். ஓய்வு நேரத்தில் நெல்லியடியில் மாமாவின் ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதினேன், அவ்வளவுதான். வேறு அனுபவம் இல்லை. வருகிற வியாழன் காலை 9 மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்களாம். ஆங்கிலம் பேசப் பயம். மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார், சொல்லி வைக்கலாமா?
– வடமராட்சி வாசகி

பதில்: "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வியாழக்கிழமை அந்தச் சொல் வாயில் வரக்கூடாது. ஹாட்வெயார் கடையில் சீமெந்தும் கம்பியும் பாதிக்குப் பாதி கடனுக்குத்தான் போகும். மேசன் எடுத்துப் போவார், வீட்டுக்காரர் ஆறுதலாகக் கட்டுவார். அந்தக் கடன் கொப்பியை எழுதியவருக்கா அனுபவம் இல்லை? கொடுத்த காசு திரும்பி வருமா என்பதுதானே நிதி நிறுவனத்தின் தலையிடியும்.

இன்றிரவே ஒரு தாளை எடுங்கள். எத்தனை பேருடைய கடனைப் பதிந்தீர்கள், பிந்தியவரிடம் யார் எப்படிக் கேட்டது, காசுப் பெட்டியும் பில் புத்தகமும் ஒத்துவராத ஒரு நாளில் பிழையை எங்கே பிடித்தீர்கள் என்று எழுதுங்கள். கடைசியில் உள்ளதை ஒரு சின்னக் கதையாகச் சொல்லிப் பழகுங்கள். "நான் கடின உழைப்பாளி" என்று வருகிற எல்லோரும் சொல்வார்கள். கேட்கிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த தாளைப் புரட்டுவார். "முந்நூறு ரூபாய் இடித்தது, திரும்பி வந்த பெயின்ற் பிரஷ்ஷைப் பதியாமல் விட்டிருந்தோம்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் நடந்ததைத்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி அதற்குள்ளிருந்துதான் வரும்.

அம்மாவைப் பார்த்த காலத்தைப் பற்றிக் கேட்டால் ஒரு வசனம் போதும். இப்போது முழுநேரம் வரமுடியும் என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தைப் பாடமாக்க வேண்டாம். நான் இருந்த ஒரு நேர்முகத் தேர்வில் ஒரு தம்பி அறிமுகத்தை மழைபோலக் கொட்டிக்கொண்டிருந்தார். நடுவில் தேநீர்த் தட்டோடு ஒருவர் உள்ளே வந்தார். தம்பிக்கு அதோடு அறுந்துவிட்டது. திரும்பவும் தன் பெயரிலிருந்து தொடங்கினார். (பாவம், சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு!) ஆறு வசனம் ஆயத்தமாக இருந்தால் சரி: ஊர், படிப்பு, கடை, அங்கே செய்தது, ஏன் இந்த வேலை. ஒவ்வொரு முறையும் சொற்களை மாற்றி, போனில் பதிந்து கேளுங்கள். கேள்வி விளங்காவிட்டால் இன்னொருக்கால் கேட்கச் சொல்லலாம். விளங்காமல் "யெஸ் சேர்" என்பதுதான் ஆபத்து. சிங்களம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவையே சொல்லுங்கள், அங்கேயே பேசிப் பார்த்துவிடுவார்கள்.

பாடத்தில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று (வங்கிக் கூற்றையும் நம் காசேட்டையும் ஒப்பிடுவது), சில்லறைக் காசேடு (சின்னச் செலவுகளைப் பதிவது) இரண்டையும் ஒரு பின்னேரம் புரட்டுங்கள். எக்செல் தெரியும் என்று எழுதியிருந்தால் கையை வைத்துப் பாருங்கள்.

மாமாவின் ஆளிடம் சிபாரிசு கேட்க வேண்டாம். அந்த இடத்தில் கணக்கு உதவியாளர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று கேளுங்கள், அது உண்மையில் உதவும்.

சான்றிதழ்களின் மூலப் பிரதியும் நகலும் ஒழுங்காக ஒரு பைலில் இருக்கட்டும். நம் ஆட்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஒரு சான்றிதழில் ஒருமாதிரியும் அடையாள அட்டையில் வேறுமாதிரியும் இருப்பது புதிதில்லை. 'க' ஓரிடத்தில் 'கே', இன்னோரிடத்தில் 'ஜி'. உங்களுடையதை இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்க முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பெரிய வித்தியாசம் என்றால் சமாதான நீதவான் ஒருவரிடம், இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டுபோவது நல்லது.

உடுப்பு? சேலையோ சல்வாரோ, அயன் பண்ணியிருந்தால் சரி. கலியாண வீட்டுப் பட்டு வேண்டாம். அண்ணாவின் மோட்டார் சைக்கிளில் மட்டும் வராதீர்கள். வழியில் வல்லைவெளிக் காற்று தலைமயிரையும் சேலை மடிப்பையும் ஒருவழி பண்ணிவிடும். நேரத்தோடு போகிற பஸ்ஸைப் பிடியுங்கள். பள்ளிக்கூட நேரமாதலால் கூட்டம் இருக்கும், எட்டரைக்கே யாழ்ப்பாண ரவுணில் நிற்கிற மாதிரிப் புறப்படுங்கள். கைப்பையில் சீப்பும் நாலு ஊசியும்.

கடைசியில் சம்பளம் கேட்பார்கள். "நீங்கள் தருவதைத் தாருங்கள்" என்று நம் பிள்ளைகள் சொல்வதை எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்! ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழியும். நிறுவனம் தன் பங்காக 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டும். அவை உங்களிடம் கழிப்பதில்லை. 50,000 ரூபாய் என்றால் 4,000 போய் 46,000தான் கைக்கு வரும். அதில் நெல்லியடியிலிருந்து மாதம் முழுக்க வந்துபோகிற பஸ் காசையும் கழித்துப் பார்த்துவிட்டு உங்கள் தொகையைச் சொல்லுங்கள்.