வாசகர் கேட்டவை: விளம்பரப் பெண்ணின் கைகள்

கேள்வி: அன்புள்ள அக்கா, அந்தக் காலப் பத்திரிகை விளம்பரங்களில் பெண்கள் சேலை கட்டி, பொட்டு வைத்து மரியாதையாக இருந்தார்கள், இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்று அப்பா சொல்கிறார். பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் வேலை செய்தவர் நீங்கள். அது உண்மையா?
– வாசகி, நெல்லியடி

பதில்: அன்புள்ள பிள்ளை, அப்பாவின் கண்ணில் சேலை பட்டிருக்கிறது. நீங்கள் கைகளைப் பாருங்கள்.

என் அம்மாவின் அலுமாரித் தட்டில் விரித்திருந்த பழந்தாளில் ஒரு தையல் மெஷின் விளம்பரம் இருந்தது. மனைவி குனிந்து தைக்கிறாள். கணவன் அவளுடைய கதிரையின் முதுகில் கை ஊன்றி நிமிர்ந்து நிற்கிறான். வாங்கிக் கொடுத்தவர் யார் என்பது ஒரு சொல்லும் வாசிக்காமலே விளங்கிவிடும். சிங்கர் மெஷின் இலங்கைக்கு வந்தது 1877இல். தவணைக்கு விற்கும் முறையை அந்த நிறுவனம் அமெரிக்காவில் 1850களிலேயே தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டு மெஷினுக்குத் தவணை கட்டியது அம்மா. நல்லூர்த் திருவிழா நெருங்கினால் அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் நடுச்சாமம் வரை பாவாடை சட்டை தைப்பார். கூலியைப் பால்மா ரின்னில் சேர்த்து, மாத முடிவில் பாயில் கொட்டி எண்ணுவார். அப்படிப் பணம் எண்ணும் பெண்ணை அந்தக் கால விளம்பரம் எதிலும் நான் கண்டதில்லை.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1970களில் ஏராளமான விளம்பரப் படங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிவைத்து ஆராய்ந்தார். ஆணின் கை பொருளை இறுகப் பிடிக்கிறது, பெண்ணின் கை அதை மெல்ல வருடுகிறது என்று காட்டினார். அதை வாசித்த பிறகு என்னால் பழையபடி விளம்பரம் பார்க்க முடியவில்லை. இன்றும் நகைக்கடை விளம்பரத்துப் பெண்ணின் விரல்கள் கன்னத்தையோ கழுத்தையோதான் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

இடையில் ஒரு காலம் இருந்தது. 90களில், போர்க்காலத்தில், அரசு யாழ்ப்பாணத்துக்கு விதித்த பொருளாதாரத் தடையால் பத்திரிகைத் தாள் வரவில்லை. கொப்பித் தாளில் அச்சடித்தார்கள். சோப்பும் கிடைக்கவில்லை, பனம்பழக் களியில் துணி துவைத்தோம். விற்கப் பொருள் இல்லாததால் அழகுப் பொருள் விளம்பரமும் அநேகமாக இல்லை. அதே நாட்களில் யாழ்ப்பாணத்து வீதிகளில் பெண்கள் சைக்கிளின் பின்னால் விறகு கட்டி, ஹாண்டிலில் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தொங்கவிட்டு மிதித்துப் போனார்கள். அந்தக் கைகள் ஹாண்டிலை இறுகப் பிடித்திருந்தன. பின்னர் சந்தைக்குப் பொருள்கள் வந்தபோது விளம்பரங்களும் வந்தன, அந்தப் பெண்கள் மட்டும் அவற்றில் வரவில்லை.

இன்று எனக்கு அதிகம் வலிப்பது ஒரு துண்டுப்பிரசுரம். நுண்கடன் நிறுவனம் ஒன்று எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகக் கொடுத்தது. அதில் தையல் மெஷின் முன்னால் ஒரு பெண் சிரிக்கிறாள். இம்முறை பின்னால் கணவன் இல்லை, கடன் அவள் பெயரிலேயே. அதை நம்பி வாங்கிய அயல்வீட்டுப் பெண், வட்டி அறவிட வருகிற நாளில் படலையைப் பூட்டிவிட்டுக் கிணற்றடியில் இருப்பார். இந்தத் துயரம் நாடெங்கும் பெருகியதால்தான், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசு அறிவித்தது. அப்பாவிடம் அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் காட்டுங்கள். அந்தப் பெண்ணும் சேலைதான் கட்டியிருக்கிறாள்.

கேள்வி: மகளுக்கு ‘மணமகன் தேவை’ விளம்பரம் கொடுக்கப் போகிறேன். நிறத்தைக் குறிப்பிடாவிட்டால் பதில் வராது என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: குறிப்பிடாதீர்கள், ஐயா. பதில் குறைந்தால் குறையட்டும். நிறம் பார்த்து வருகிறவர்கள் முன்கூட்டியே விலகிவிடுவார்கள். ‘ஃபெயார் அன் லவ்லி’ என்ற பூச்சுகூட 2020இல் ‘ஃபெயார்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்துவிட்டது.

ஒருமுறை ஒரு தகப்பன் மகளையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். தாளில் ‘வெள்ளை நிறம்’ என்று எழுதியிருந்தார். பிள்ளை பொதுநிறம். சொல்லுக்கு இவ்வளவு என்று நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மகள் என் பேனையை வாங்கி அந்த இரண்டு சொற்களையும் வெட்டிவிட்டு, ‘அரச வைத்தியசாலைத் தாதிய உத்தியோகத்தர்’ என்று எழுதினார். தகப்பன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சொற்கள் கூடியிருந்தன. அவற்றுக்கான காசை மகளே தன் பேர்ஸிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.