ஜன்னல் கொட்டேஷனில் ‘38 டெசிபல்’ என்று இருந்தால்

கேள்வி: எங்கள் ஃப்ளாட் மூன்றாவது மாடி. கீழேயே பஸ் ஸ்டாப், இரவு தூக்கமே இல்லை. ஜன்னலை மாற்ற விசாரித்தால் ஒரு கடைக்காரர் ‘ஆர்டபிள்யூ 38’ என்கிறார், இன்னொருவர் ‘எஸ்டிசி 36’ என்கிறார். சுவருக்கும் ஜிப்சம் போர்டு அடிக்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
– சென்னை வாசகர்

பதில்: முதலில் ஜிப்சம் போர்டை மறந்துவிடுங்கள். ரோட்டைப் பார்த்த உங்கள் சுவர், ஜன்னலோடு சேர்த்து 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜன்னல் 2 சதுர மீட்டர். பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபல் தடுக்கும். பழைய ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 28தான். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது 35. செலவழித்து சுவரை 60 ஆக்கினாலும் அதே 35தான். ஜன்னலை 38 ஆக்கினால் மொத்தம் 44. பணம் எங்கே போக வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

இனி அந்த எண்கள். ஆய்வகத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே ஜன்னலைப் பொருத்தி, ஒரு பக்கம் இரைச்சலை எழுப்பி, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று அளப்பார்கள். தடித்த ஒலி முதல் கீச்சொலி வரை 16 பட்டைகளில் வரும் அளவுகளை ஒரே எண்ணாகச் சுருக்குவார்கள். எஸ்டிசி அமெரிக்க முறை, ஆர்டபிள்யூ ஐஎஸ்ஓ முறை. ஒரே ஜன்னலுக்கு இரண்டும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். 36ஆ 38ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் 38 (-2, -6) என்பதுபோல இருக்கும். அடைப்புக்குறிக்குள் இரண்டாவதாக வரும் எண்தான் ‘சிடிஆர்’, நகரப் போக்குவரத்து இரைச்சலுக்கான திருத்தம். உங்கள் பஸ்ஸுக்கு அந்த ஜன்னல் 38 இல்லை, 32தான். எஸ்டிசியோ பக்கத்து அறைப் பேச்சையும் டிவியையும் மனதில் வைத்து வந்தது. 125 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மிகத் தடித்த ஒலிகளை அது பார்ப்பதே இல்லை, நின்றுகொண்டே உறுமும் பஸ் எஞ்சினின் ஓசையில் கணிசமான பங்கு அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவிலேயே வெளிச்சுவருக்கு 80 ஹெர்ட்ஸிலிருந்து கணக்கிடும் ‘ஓஐடிசி’ என்று தனி அளவு உண்டு.

‘டபுள் கிளாஸ்’ என்றதும் மயங்கிவிடாதீர்கள். ஒரே தடிமனில் இரண்டு மெல்லிய கண்ணாடி, நடுவில் 12 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் அந்தத் தடித்த ஓசையில் அது சேர்ந்து அதிரும். அதைவிட, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி நல்லது. இடம் இருந்தால் பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் நான்கு அங்குலம் தள்ளி இன்னொரு ஜன்னல் போடுங்கள், அது இன்னும் நல்லது.

ஸ்லைடிங் வேண்டாம். பிரஷ் வைத்த தண்டவாளத்தில் எப்படியும் சந்து இருக்கும். ரப்பர் பீடிங்கில் அழுந்தி மூடும் கேஸ்மென்ட் கதவாகக் கேளுங்கள். மாட்டி முடித்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, காற்றடிக்கும் நேரத்தில் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். புகை எங்கே ஆடுகிறதோ அங்கே ஓசையும் நுழையும். ஆளை அனுப்புமுன் அந்த இடத்தில் சிலிக்கான் வைக்கச் சொல்லுங்கள். ஏசி குழாய் போகும் ஓட்டையையும் விட்டுவிடாதீர்கள்.