ஆட்டிசம் அறிக்கையில் வரும் ஆங்கிலம்: நீலகிரிப் பெற்றோர் கேட்டவை

கோவையில் பரிசோதனை முடித்து, கையில் ஓர் ஆங்கில அறிக்கையோடு மலையேறிய பெற்றோரின் கேள்விகளே இம்முறை அதிகம். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

என் மகனின் அறிக்கையில் ‘ரிஸ்க் ஃபேக்டர்: அட்வான்ஸ்டு மெட்டர்னல் ஏஜ்’ என்று இருக்கிறது. 36 வயதில் பெற்றதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் தினமும் சொல்லிக்காட்டுகிறார். டாக்டரும் அதைத்தான் சொல்கிறாரா? – வாசகி, குன்னூர்

இல்லை. ‘காஸ்’ என்றால் காரணம். ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்றால் வாய்ப்பைக் கூட்டக்கூடிய ஒன்று, அவ்வளவுதான். மூடுபனியில் பர்லியாறு இறக்கத்தில் விபத்துக்கான வாய்ப்பு கூடும். அதற்காகப் பனியில் இறங்கும் பஸ்கள் எல்லாம் கவிழ்வதில்லை, நல்ல வெயிலில் கவிழ்வதும் உண்டு. தாயின் வயது கூடினால் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு சற்றே கூடும். தந்தையின் வயது கூடினாலும் கூடும். அதற்கும் ‘அட்வான்ஸ்டு பெட்டர்னல் ஏஜ்’ என்று மருத்துவ ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது. அறிக்கைகளில்தான் அதை அபூர்வமாகப் பார்க்கிறேன். உங்கள் கணவரின் வயதையும் மாமியாருக்கு ஒருமுறை நினைவூட்டுங்கள்.

குறைமாதப் பிரசவம், கர்ப்பகாலத்தில் உட்கொண்ட வால்புரோயேட் என்னும் வலிப்பு மாத்திரை ஆகியவையும் இதே தலைப்பின் கீழ் வரும். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பத்தில் வலிப்பு வருவதும் ஆபத்துதான். டாக்டரிடம் கேளுங்கள்.

பழைய ஆங்கிலப் புத்தகங்களில் ‘ரெஃப்ரிஜிரேட்டர் மதர்’ என்ற சொல் கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். தாயிடம் பாசம் இல்லாததால் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய படிப்புப் படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்த காலத்தின் மிச்சம் அது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964லேயே அதை மறுத்து எழுதிவிட்டார்.

டாக்டர் ‘ஜெனட்டிக்’ என்றார். அன்றிலிருந்து யார் பக்கத்திலிருந்து வந்தது என்று இரண்டு வீட்டிலும் சண்டை. – வாசகர், அரவேணு

‘ஜெனட்டிக்’ என்றால் மரபணு சம்பந்தப்பட்டது. பெற்றோரிடமிருந்து வந்ததை ‘இன்ஹெரிட்டட்’ என்பார்கள். இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. தாயிடமும் தந்தையிடமும் இல்லாத ஒரு மாற்றம் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றலாம். அறிக்கையில் அதை ‘டி நோவோ’ என்று குறிப்பார்கள். பெரும்பாலும் பல மரபணுக்கள், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு பக்கத்திலிருந்தும் பங்கு வகிக்கின்றன.

1977இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் பிறந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் பிறந்த 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. மரபணுவின் பங்கை முதலில் தெளிவாகக் காட்டியது இதுதான். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அதை இன்னும் உறுதிப்படுத்தின. பஞ்சாயத்தை இத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

கர்ப்பமாக இருந்தபோது எஸ்டேட்டில் கொழுந்து பறித்தேன். பக்கத்துக் காட்டில் மருந்து அடிப்பார்கள். ‘பெஸ்டிசைட் லிங்க்ட் டு ஆட்டிசம்’ என்ற செய்தியைத் தம்பி அனுப்பியதிலிருந்து தூக்கம் இல்லை. – வாசகி, பந்தலூர்

‘லிங்க்ட் டு’, ‘அசோசியேட்டட் வித்’ என்ற இரண்டுக்கும் ஒரே பொருள்தான்: இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன. ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று அவை சொல்வதில்லை. கலிபோர்னியாவில் 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பூச்சிமருந்து தெளித்த வயல்களுக்கு அருகே கர்ப்பகாலத்தில் வசித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்பட்டது. அதைப் புறந்தள்ளிவிட முடியாது. அதே சமயம் உங்கள் பிள்ளையைப் பற்றி அது தீர்ப்புச் சொல்லவும் முடியாது. கர்ப்பிணிகளை மருந்து அடிக்கும் இடத்தில் வேலைக்கு நிறுத்தக் கூடாது என்பதற்கோ ஆட்டிசம் வரை போகவே வேண்டாம்.

தடுப்பூசி? – பலர்

தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்பது, 1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வேக்ஃபீல்ட் என்ற டாக்டரின் குழுவினர் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பிய புரளி. 2010இல் இதழ் அதைத் திரும்பப் பெற்றது. ‘ரிட்ராக்டட்’ என்பது அதைக் குறிக்கும் சொல். அதே ஆண்டு வேக்ஃபீல்ட் மருத்துவப் பதிவையும் இழந்தார். டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவிலும் தொடர்பு இல்லை. வேடிக்கை என்னவென்றால், கர்ப்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளைக்கு ஆட்டிசத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. ரூபெல்லாவைத் தடுப்பதே அந்தத் தடுப்பூசி.

வீட்டில் படுகு, வெளியே தமிழ், பள்ளியில் ஆங்கிலம். மூன்று மொழியால் குழம்பித்தான் பேச்சு வரவில்லை, படுகை விட்டுவிடுங்கள் என்கிறார் ஆசிரியை. – வாசகர், கோத்தகிரி

விடாதீர்கள். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. பாட்டியும் தாத்தாவும் படுகில்தான் கொஞ்சுவார்கள் என்றால், பிள்ளையோடு பேசுகிறவர்களில் பாதிப் பேரை நீங்களே வாயடைக்கச் சொல்கிறீர்கள். படிவத்தில் ‘ஹோம் லாங்குவேஜ்’ என்ற இடத்தில் கூசாமல் படுகு என்று எழுதுங்கள். பேச்சுப் பயிற்சியாளருக்குத் தேவையான விவரம் அது.

மகளின் நடத்தையை டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லத் திணறுகிறேன். என்னென்ன சொற்களைப் படிக்க வேண்டும்? – வாசகி, மஞ்சூர்

முதலில் ஒன்று: கோவை டாக்டருக்குத் தமிழ் தெரியும். தமிழிலேயே சொல்லலாம். வெளியூர்ப் பள்ளிக்கோ படிவத்துக்கோ ஆங்கிலம் தேவைப்பட்டால் சில சொற்கள் போதும்.

‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டாயா’ என்றே திருப்பிச் சொல்வது ‘எக்கோலேலியா’. கையை உதறுவது, உடலை ஆட்டுவது போன்றவை ‘ஸ்டிம்மிங்’. ‘டான்ட்ரம்’, ‘மெல்ட்டவுன்’ இரண்டையும் மட்டும் மாற்றிச் சொல்லாதீர்கள். கேட்ட பொம்மை கிடைத்ததும் நிற்கிற அழுகை ‘டான்ட்ரம்’. குன்னூர் ரயில் நிலையத்தில் நீராவி இன்ஜின் ஊதியதும் காதைப் பொத்தி, பிளாட்பாரத்திலேயே குந்தி, பிஸ்கட் கொடுத்தாலும் தட்டிவிட்டு அலறுகிறாள் என்றால் அது ‘மெல்ட்டவுன்’. அதை அடம் என்று எழுதிக்கொடுத்தால் பள்ளியில் தண்டனைதான் கிடைக்கும்.

பெரிய சொல்லைவிடச் சின்ன வாக்கியம் மேல். ‘சென்சரி இஷ்யூஸ்’ என்பதில் ஒன்றும் தெரியாது. ‘ஷி கவர்ஸ் ஹெர் இயர்ஸ் வென் த டிரெயின் விசில்ஸ்’ என்றால் எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘சஃபரிங் ஃப்ரம் ஆட்டிசம்’ என்று எழுத வேண்டாம். ‘ஹாஸ் ஆட்டிசம்’ போதும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் தங்களை ‘ஆட்டிஸ்டிக்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். மகள் வளர்ந்து எதைக் கேட்கிறாளோ அதைச் சொல்லுங்கள்.

சீட்டில் டாக்டர் ‘ரூல் அவுட் ஆட்டிசம்’ என்று எழுதியிருக்கிறார். ஆட்டிசம் இல்லை என்று பொருளா? – வாசகர், உதகை

இல்லை, இருக்கிறது என்றும் பொருள் இல்லை. இருக்கிறதா என்று பார்த்துத் தெளிவுபடுத்துங்கள் என்று அடுத்த நிபுணருக்கு எழுதிய குறிப்பு அது. இல்லை என்று முடிவானால் ‘ரூல்டு அவுட்’ என்று எழுதுவார்கள். உங்கள் சீட்டில் இருப்பதற்கு இன்னொரு பரிசோதனை பாக்கி. எங்கே, எந்தத் தேதியில் என்று அந்த டாக்டரிடமே கேட்டு, சீட்டின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.