கடல் தெரிந்தால் போதுமா?

கேள்வி: டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு அப்பா கோல்ஃப் பழகி வருகிறார். அவர் பிறந்தநாளுக்குத் தென் கடற்கரைப் பக்கம், கடல் தெரியும் மைதானத்தில் நாலு பேருக்குப் பதிவு செய்ய நினைக்கிறோம். டர்பன் நகராட்சி மைதானத்தைவிடக் கட்டணம் நிறைய அதிகம். அந்தக் காட்சிக்காக அவ்வளவு கொடுக்கலாமா?

பதில்: காட்சிக்காக மட்டும் என்றால் வேண்டாம். 18 குழியும் ஆடி முடிக்க நாலு மணி நேரமாவது ஆகும். அதில் கடலை ரசிப்பது கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் பந்தின் பின்னால் போகும். அடித்த பந்து கண்ணில் படுகிறதா என்பதில்தான் பழகுபவரின் சந்தோஷம் இருக்கிறது.

நம் கடற்கரை மைதானங்களின் ஓரமெல்லாம் அடர்ந்த புதர். உள்ளே போன பந்தை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் அகலமான ஆட்டப்பாதை உள்ள இடமாகப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் கிகுயு என்னும் அடர்த்தியான புல்தான். ஒட்ட வெட்டிய இடத்தில் பந்தைத் தூக்கிப் பிடித்து நிற்கும், அப்பாவுக்கு அடிக்கச் சுலபம். நாலடி தள்ளி வளரவிட்ட புல்லில் விழுந்தாலோ மட்டையின் கழுத்தைச் சுற்றி முறுக்கிவிடும். முடிந்தால் முன்னதாக ஒருநாள் போய், மூன்றே அடியில் முடிக்க வேண்டிய குட்டையான குழி (பார்-3) ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே இரண்டு குழு காத்துக்கொண்டிருந்தால், இடைவெளி விடாமல் ஆட்களை ஏற்றுகிறார்கள் என்று அர்த்தம். எவ்வளவு அழகான இடமானாலும் அந்தக் காத்திருப்பு ஆட்டத்தைக் கெடுத்துவிடும்.

பணம் கட்டுமுன் போன் செய்து, கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், துளை போட்டு மணல் கொட்டும் வேலை அந்த வாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் தேதியை மாற்றுங்கள். கிளப் உறுப்பினர் அல்லாதவருக்குக் கட்டணம் கூடுதலா, மைதானத்துக்குள் ஓட்டும் கோல்ஃப் வண்டியின் வாடகை சேர்த்தியா, இடி மின்னலில் ஆட்டம் நின்றால் என்ன செய்வார்கள், இதையும் எழுத்தில் வாங்குங்கள். கோடையில் பிற்பகல் இடிமழையும் வடகிழக்குக் காற்றும் சகஜம், விடிகாலை நேரமே நல்லது.

பதிவை ரத்து செய்ய தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 17-ஆம் பிரிவு, உங்களுக்கு உரிமை தருகிறது. நியாயமான தொகையை மட்டுமே அவர்கள் பிடிக்கலாம். பதிவு யாருக்காகவோ, அவர் இறந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்தாலோ அதையும் பிடிக்கக் கூடாது.

நகராட்சி மைதானத்தை மட்டமாக நினைக்காதீர்கள். 1963-இல் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்ற பப்வா செவ்கோலம், இந்தியர் என்பதால் கிளப்புக்குள் விடப்படாமல் வெளியே மழையில் நின்று கோப்பை வாங்கினார். யாரும் கட்டணம் கட்டி ஆடலாம் என்பது நம் ஆட்களுக்குச் சும்மா வந்ததல்ல. ரிசர்வாயர் ஹில்ஸில் அவர் பேரிலேயே நகராட்சி மைதானம் இருக்கிறது.

முதலில் உம்கேனி ஆற்றோரம் இருக்கும் வின்சர் பார்க்கில் அப்பாவை ஒன்பது குழி நடந்து ஆடச் சொல்லுங்கள். தரை சமதளம். களைப்பில்லாமல் முடித்தால் கடற்கரைக்குப் பதிவு செய்யுங்கள். மூச்சு வாங்கினால், வண்டி வாடகையையும் கணக்கில் சேர்த்துப் பதிவு செய்யுங்கள்.