கடையை மூடிவிடலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் 23 ஆண்டுகளாகப் புத்தகக் கடை வைத்திருக்கிறேன். 2013 முதல் விற்பனை இறங்குமுகம். வருகிறவர்கள் அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். "எல்லாம் மின்னூலாகிவிட்டது, கடையை மூடிவிடுங்கள் அப்பா" என்கிறான் மகன். மூடிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், ஐயா. 2013 முதல் விற்பனை குறைகிறது என்கிறீர்கள். அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்கள் முறையாக விற்பனைக்கு வந்ததோ 2016 டிசம்பரில். அதற்கு முந்தைய இறக்கத்துக்கு மின்னூல் மீது பழி போட முடியாது. அட்டையைப் படம் எடுப்பவர் பெரும்பாலும் அதே அச்சுப் புத்தகத்தை இணையத்தில் தள்ளுபடியில் வாங்கப் போகிறார். இல்லையென்றால் திருட்டு பிடிஎப் தேடப் போகிறார். அந்தத் திருட்டில் எழுத்தாளருக்கும் பதிப்பாளருக்கும் ஒரு காசு வராது, மின்னூலில் வரும். இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

ஒருமுறை படித்துவிட்டு வைத்துவிடும் துப்பறியும் கதைகளின் வாசகர்களில் ஒரு பகுதி மின்னூலுக்குப் போனது உண்மைதான். அவர்களை மீட்பது கடினம்.

ஆனால் பிரிட்டனின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடைகளைப் பாருங்கள். 2011-ல் ஜேம்ஸ் டாண்ட் அதன் தலைமைப் பொறுப்பேற்றபோது அந்நிறுவனம் நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. 2012-ல் கிண்டில் கருவியையே கடைகளில் விற்றார்கள். வாங்க ஆளில்லாமல் 2015-ல் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அச்சுப் புத்தகங்களை அடுக்கினார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. பதிப்பகங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுடைய நூல்களை முன்வரிசையில் வைக்கும் வழக்கத்தை டாண்ட் நிறுத்தினார். என்ன நூல் வைப்பது என்பதை அந்தந்த ஊர்க் கடைக்காரரே முடிவு செய்தார். விற்காமல் பதிப்பகத்துக்குத் திரும்பும் பிரதிகள் வெகுவாகக் குறைந்தன.

உங்கள் அலமாரியை நீங்கள் தேர்ந்தெடுக்கிறீர்களா, விற்பனைப் பிரதிநிதி தேர்ந்தெடுக்கிறாரா? இரண்டு ஆண்டுகளாக அசையாத நூல்களைக் கணக்கெடுத்து, மாற்றித் தரும்படி பதிப்பகங்களிடம் கேளுங்கள். அந்த இடத்தில் சோழர் வரலாறு, கோயில் கலை, காவிரிக்கரைக் கதைகள், குழந்தை நூல்கள் வரட்டும். இப்போது பதிப்பகங்கள் தேவைக்கேற்பச் சில பிரதிகள் மட்டும்கூட அச்சிடுகின்றன. ஆகவே பழைய நூலைக் கேட்பவரை "இல்லை" என்று அனுப்பிவிடாமல், பெயரும் எண்ணும் குறித்துக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள். புது வரவுகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும் வேலையை மகனிடம் கொடுங்கள்.

அடுத்த முறை யாராவது அட்டையைப் படம் எடுத்தால் முகம் சுளிக்காதீர்கள். பக்கத்தில் போய், இதற்கு முன் என்ன படித்தார் என்று கேளுங்கள்.