1838 பாரிஸ் தெருப் படத்தில் ஒருவர் மட்டும் தெரிவது ஏன்?

புகைப்படக் கலையின் முன்னோடியான பிரெஞ்சுக்காரர் டாகுவேர் எடுத்த, பூல்வார் டு டாம்பிள் என்ற பாரிஸ் தெருவின் படத்தைக் கேட்கிறீர்கள். தெரு காலியாக இல்லை. வண்டியும் ஜனமுமாக நெரிசல்தான்.

அவர் முறையில், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அயோடின் ஆவி படவைத்து, கேமராவில் பல நிமிடம் ஒளி காட்ட வேண்டும். பிறகு பாதரச ஆவி பட்டால்தான் உருவம் எழும். குதிரை வண்டி ஓரிடத்தைக் கடக்கச் சில நொடிகளே ஆகும். மிச்ச நேரமெல்லாம் தரையின் ஒளியே அங்கு பதிவதால் வண்டி மறைந்துபோகிறது.

இடது கீழ்ப்பக்கம் உற்றுப் பாருங்கள்: ஒருவர் ஒரு காலைத் தூக்கி வைத்து இன்னொருவரிடம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார். ஆடாமல் நின்றதால் தப்பினார். பாலிஷ் போடுபவர் அசைந்ததால் வெறும் மங்கல். மனிதர் பதிந்த புகைப்படங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையது இதுதான், அதுவும் தற்செயலாக!

டாகுவேர் தகடுகளில் பொதுவாக இடவலம் மாறியிருக்கும். வரைபடத்தோடு ஒப்பிட்டால் திருப்பிப் பாருங்கள்.